அவள் காலுக்கு ஒரு திருத்தம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மனைவியின் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். அவள் காலைப் பார்த்தாள், உடனே துண்டால் மூடிக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தோல் மஞ்சளும் சாம்பலுமாகச் செதில் செதிலாக நின்றது. வாடையும் இருந்தது.

காரில் ஒரே பேச்சு. “பாம்பு மாதிரி இருக்கு.”

பாம்பாவது சட்டையைக் கழற்றிவிடும் என்றேன். சிரிக்கவில்லை.

குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள். தண்ணீரில் நடப்பது காலுக்கு நல்லது, அடுத்த வாரமே இறங்கலாம் என்று டாக்டரே சொல்லியாயிற்று. இவளோ, “இந்தக் காலோட குழந்தைங்க முன்னாடி நிக்க மாட்டேன். வேற ஆளைப் போட்டுக்கட்டும்” என்கிறாள்.

மார்ச் 4, புதன்

நான் வேலை பார்க்கிற பேப்பரின் அழகுக் குறிப்புப் பகுதியில் இருந்தது: இறந்த தோலை நீக்கினால் அடியில் உள்ளது மிருதுவாகும், மங்கல் போகும், தடவுகிற க்ரீமும் உள்ளே இறங்கும். சர்க்கரையும் எண்ணெயும் கலந்து தேய்க்க வேண்டும். தேய்த்தேன்.

“என்னங்க, அடிப்பிடிச்ச பாத்திரமா இது?”

நிறைய உதிர்ந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

மார்ச் 5, வியாழன்

இரண்டு இடத்தில் தோல் கன்றிச் சிவந்து நீர் கசிகிறது. புண் ஆறும்வரை நீச்சல் குளத்துப் பக்கமே போகக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு எதுக்கு இந்த வேலை? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே — இத்தனை வருஷம் யாரையும் கேட்காம ஒரு வரி எழுதினதுண்டா?

வலி அவளுக்கு. சமாதானம் சொன்னதும் அவள்தான். “தப்பா வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்கல்ல. என் காலுக்கும் ஒண்ணு போட்டுடுங்க.”

மார்ச் 6, வெள்ளி

அந்தக் குறிப்பை எழுதிய பெண்ணிடம் போனேன். “சார், அது முழங்கைக்கும் குதிகாலுக்கும். வாரத்துக்கு ஒரு தடவை போதும், தோல் மெலிசா இருக்கிற இடத்துல வேண்டவே வேண்டாம்னு கடைசியில போட்டிருந்தேன். இடமில்லன்னு வெட்டிட்டாங்க.”

“யார் வெட்டினது?”

“அன்னிக்கு எடிட்டிங் டெஸ்க்ல நீங்கதான் சார்.”

வீட்டில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாவுக்கட்டுப் போட்டதிலிருந்து அவள் இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

புண் காய்ந்துவிட்டது. இந்த முறை டாக்டர் சொன்னபடி. வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைத்து, மெல்லிய துணியால் வட்டம் வட்டமாக, அழுத்தாமல். வருவது வரட்டும், வராததைப் பிய்க்கக் கூடாது. பிறகு ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் க்ரீம்.

அவள் கால் என் மடியில் இருந்தது. இளைத்து, ஒரு சின்னப் பெண்ணின் கால்போல.

“கிச்சுகிச்சு மூட்டாதீங்க.”

“டாக்டர் சொன்ன வட்டம்.”

“டாக்டர் உள்ளங்காலைச் சொல்லலியே.”

மார்ச் 15, ஞாயிறு

நேற்று ராத்திரி சொறியாமல் தூங்கினாளாம்.

மார்ச் 19, வியாழன்

துணியில் இன்று ஒன்றும் வரவில்லை. புதுத் தோல், மற்றக் காலைவிட வெளுப்பாக. விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெயில் படாமல் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு என் குதிகாலைப் பார்த்துவிட்டாள். “இதை வெச்சுக்கிட்டா எனக்கு வைத்தியம் பண்ணினீங்க?” உட்காரவைத்து, ஊறவைத்து, கால் தேய்க்கிற கல்லை எடுத்தாள். வெடிப்பு உள்ள இடத்தை விட்டுவிட்டுப் பதமாகத்தான் தேய்த்தாள்.

குளத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

அவளே கிளம்பினாள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலைச் சுற்றியிருந்த துண்டை எடுக்கவே அவளுக்கு நேரமாயிற்று. எடுத்ததும், முன்வரிசையில் நின்ற குட்டிப் பெண் கேட்டேவிட்டாள்: “மிஸ், ஏன் ஒரு கால் மட்டும் வேற கலரா இருக்கு?”

நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

இவள் குனிந்து தன் காலை ஒருமுறை பார்த்தாள். “அது புதுசும்மா. இப்பதான் உறை பிரிச்சது.”

“தொட்டுப் பாக்கலாமா?”

“தண்ணிக்குள்ள வந்து தொடு.”

மார்ச் 27, வெள்ளி

நேரமாகியும் ஆளைக் காணோம். போன் பண்ணினேன். பின்னால் தண்ணீர்ச் சத்தம், ஏகப்பட்ட கூச்சல்.

“இன்னும் ஒரு வகுப்பு இருக்குங்க. பசிச்சா நீங்க சாப்பிட்டுடுங்க.”

சாப்பிட்டேன்.