பதிந்து வைத்த கதிரை

லிங்கநகர்,
திருகோணமலை.
11.02.2007

அன்பின் மச்சான்,

அம்மாவும் நானும் முற்றத்து முருங்கையும் சுகமாக இருக்கிறோம். அங்கே குளிர் கடுமையாம் என்று மாமி சொன்னா. காதை மூடிக்கொண்டு திரியுங்கள்.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று கேட்டிருந்தீர்கள். அபூதாஹிர் நானாவின் இன்டர்நெட் கடையில் கணினிகளையெல்லாம் இணைத்து வைத்திருப்பது நான்தான். அந்த வயருக்குள்ளால் போகிற கதையை நினைத்தால் நானே வாசிக்கலாம். என்னால் ஏலுமென்றால் இன்னொருவராலும் ஏலும். கடித உறையைப் பிரித்தாலோ பசை காட்டிக் கொடுத்துவிடும்.

என் திட்டத்தைக் கேளுங்கள். இந்த வருடம் சிசிஎன்ஏ என்கிற வலையமைப்புச் சோதினை. அடுத்த வருடம் வலையமைப்புப் பாதுகாப்புச் சான்றிதழ். பிறகு இந்த ஊர் வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கணினி படுத்துவிட்டால், கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, என்னைக் கூப்பிடட்டும். "பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் வயர் வேலை?" என்று சின்னராசா சித்தப்பா கேட்டார். "கரண்ட் ஆம்பிளை பொம்பிளை பார்த்தே அடிக்குது?" என்று கேட்டேன். ஆள் எழும்பிப் போய்விட்டார்.

சோதினை கொழும்பில்தான். இணையத்தில் கடனட்டையால் பதியவேண்டும். நானாவிடம் அட்டை இருக்கிறது, ஆனால் கலியாணம் கட்டப்போகிறவர் இருக்க ஊராரிடம் ஏன் கேட்பான்? வைகாசி, அதுதான் மே மாதம், முதற் கிழமைக்குப் பதிந்துவிடுங்கள். என் கணக்கின் கடவுச்சொல் உங்கள் பேரும் எங்கள் நிச்சய நாளும். பேரையும் நாளையும் வைக்காதே, ஒருவருக்கும் சொல்லாதே என்பதுதான் புத்தகத்தின் முதற் பாடம். நீங்கள் 'ஒருவர்' இல்லைத்தானே.

உங்கள்,
குணேஸ்வரி

ரொறன்ரோ
04.03.2007

அன்பின் குணேஸ்,

பதிந்துவிட்டேன். வைகாசி 4, வெள்ளிக்கிழமை காலை. ஆனால் எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை. வானொலியைத் திறந்தாலே நெஞ்சு பதறுகிறது. கொழும்பு லொட்ஜுகளில் எங்கள் சனத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார்களாம். ஆவணியில் இந்தியாவுக்கு வருகிறேன், கலியாண எழுத்தை முடிப்போம். பிறகு நீர் இங்கேதான். சோதினை நிலையம் என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்புத்தான். ஆறுதலாக எழுதலாம். சொல்வழி கேளும்.

அன்புடன்,
தவராசா

லிங்கநகர்
25.03.2007

அன்பின் மச்சான்,

சொல்வழி கேட்கிற வயது எனக்கு அஞ்சாம் வகுப்போடு முடிந்துவிட்டது.

போன கிழமை உட்துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் பையைக் கொட்டினார்கள். நீல வயரும், முனை நெரிக்கிற குறடும் விழுந்தன. ஆமிக்காரன் ஒரு அடி பின்னுக்குப் போனான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன், விளங்கவில்லை. அந்த மேசையிலேயே வயரைச் சீவி, எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்து அடுக்கி, முனையை நெரித்துக் காட்டினேன். வரிசையில் நின்ற சனம் முழுக்க வாய் பார்த்தது. விட்டுவிட்டான்.

எனக்கும் பயம்தான். பயத்தோடுதானே இங்கே பாணும் வாங்குகிறோம்? கனடாவில் எழுதலாம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே இறங்கும்போது தவராசாவின் பெண்சாதியாக மட்டும் இறங்க எனக்கு விருப்பமில்லை. தொழில் தெரிந்த குணேஸ்வரியாகவும் இறங்கவேண்டும்.

'போய் வாரும்' என்று ஒரு வரி எழுதுங்கள். அது போதும்.

உங்கள்,
குணேஸ்வரி

ரொறன்ரோ
12.04.2007

அன்பின் குணேஸ்,

உம்மோடு வாதாடி வெல்ல என்னால் ஏலாது. சரி, போய் வாரும். வெளிக்கிடுமுன் இணையத்தில் ஒருக்கால் பார்த்துக்கொள்ளும். நாட்டு நிலைமைக்கு அவர்களே சோதினையை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். அப்படி நடந்தால் மனம் உடையாதேயும்.

அன்புடன்,
தவராசா

லிங்கநகர்
13.05.2007

தவராசா அவர்களுக்கு,

வெளிக்கிட்ட கிழமை முழுக்க இங்கே தொலைபேசி இணைப்பு இல்லை. அதனால் நீங்கள் சொன்னபடி இணையத்தில் பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கந்தளாயில் சோதனைக்கு இறக்கி ஏற்றினார்கள். ஹபரணையில் மறுபடியும். கொழும்பில் பொலிஸ் பதிவுக்கு அரைநாள் கால்கடுக்க நின்றேன். வெள்ளி காலையில் நிலையத்துக்குப் போனால், "உங்கட பேரில் பதிவு இல்லையே, நீங்களே நீக்கியிருக்கிறீங்கள்" என்றாள் அங்கிருந்த பிள்ளை. கண்ணாடிக்கு அப்பால், கணினிக்கு முன்னால் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது.

பக்கத்துக் கடையில் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். யாரோ உள்ளே போய்த்தான் நீக்கியிருக்கிறார்கள். கடவுச்சொல் தெரிந்தது இரண்டே பேருக்கு. நான் நீக்கவில்லை.

பயத்தில்தான் செய்தீர்கள் என்று தெரியும். மறித்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன், பிறகு சமாதானமும் ஆகியிருப்பேன். நீங்களோ 'போய் வாரும்' என்று எழுதிப்போட்டுக் கதவைப் பூட்டினீர்கள். அத்தனை சாவடியிலும் என்னை மறித்தவர்கள் முகத்துக்கு நேரே மறித்தார்கள். உறையின் பசை பிரியவில்லை என்று நம்பினேன், பொய் உள்ளேயே இருந்திருக்கிறது.

நானா தன் அட்டையில் திரும்பப் பதிந்து தந்தார். ஆனி 15. மறுபடியும் பஸ் ஏறுவேன்.

ஆவணியில் எழுத்துக்கு வரவேண்டாம். மாமியிடம் நேரில் போய்ச் சொல்லி மோதிரத்தையும் கொடுத்துவிட்டேன். அழுதா. பிறகு தேத்தண்ணி போட்டுத் தந்தா.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். அதில் ஒருவருடைய பேரும் இல்லை.

க. குணேஸ்வரி