ரொசாலியாவின் பதினொரு கடிதங்கள்

அல்பெர்கேரியா, பலெர்மோ
02.02.2025

அன்பு மகள் சுஜானி அறிவது,

இதைத் திறவாமலே நீ எறிந்துவிடலாம்; அந்த உரிமை உனக்குண்டு.

லிபெர்த்தா வீதியில் நான் பராமரிக்கும் தொண்ணூறு வயதுச் சின்யோரா அம்மையாரின் அலுமாரியில், நாடாவால் கட்டிய பதினொரு கடிதங்கள் கிடைத்தன. அவருடைய பாட்டனாரின் தங்கை ரொசாலியா, 1911 முதல் 1920 வரை நியூயோர்க்கிலிருந்து தமையனுக்கு எழுதியவை. அங்கே தான் விரும்பியவனை அவள் மணந்ததால், தமையன் ஒன்றையும் திறக்கவில்லை. சின்யோராவுக்குப் பார்வை மங்கல். அவற்றைத் திறந்து வாசிக்கும்படி என்னிடம் சொன்னார்.

ரொசாலியாவுக்குச் சட்டை தைக்கும் ஆலையில் வேலை. சம்பளம் அவள் கையிலேயே கிடைக்கிறது. ஞாயிறுகளில் தோழிகளோடு படம் பார்க்கப் போகிறாள். துணைக்கு ஆண்கள் எவரும் இல்லை. கூந்தலைக் கத்தரித்துவிட்டாள். கடைசிக் கடிதத்தில், முதன்முறையாக வாக்களித்துவிட்டு வந்ததாக எழுதுகிறாள். பதினொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி: ‘அம்மாவின் இருமல் எப்படி?’ தாய் 1912இலேயே இறந்துவிட்டாராம்.

அன்று வீடு திரும்பி என் மேசை லாச்சியைத் திறந்தேன். நீ விரும்பியவனைப் பதிவுத் திருமணம் செய்ததும், உன் இலக்கத்தை நான் தொலைபேசியில் தடுத்தேன். அதன்பின் நீ எழுதிய ஏழு கடிதங்களும், தேதி வரிசையில், ஒட்டியபடியே இருந்தன. இப்போது அனைத்தையும் வாசித்துவிட்டேன். நான்காவதில், பிள்ளைக்கு வீட்டுப் பெயர் வைக்க நட்சத்திர எழுத்துக் கேட்டிருந்தாய். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் சடங்கு வரை காத்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்நாள் கடந்து இருபது மாதங்கள்.

பிழை முழுவதும் என்னுடையது.

இப்படிக்கு,
அப்பா பேரின்பநாயகம்


பொலோஞ்ஞா
11.02.2025

அப்பாவுக்கு,

திறந்துதான் வாசிச்சனான். பயப்பிடாதேங்கோ.

பிள்ளை பிறந்து பத்து நாளுக்குள்ளை கொமூனே அலுவலகத்திலை பேர் பதியவேணும். அந்தச் சட்டத்தை முந்தி எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தானே! எமிலியானா எண்டு பதிஞ்சம். வீட்டுப் பேருக்கு முப்பத்தோராம் நாள் பின்னேரம் வரைக்கும் தபால்பெட்டியைப் பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை. இண்டைக்கும் அவளுக்கு வீட்டுப் பேர் இல்லை.

உங்களை மன்னிச்சிட்டன் எண்டு எழுத ஏலாது. அது பொய்.

ரொசாலியாவுக்கு ஆராவது பதில் போட்டவையோ?

ஏழு கடிதத்திலையும் ‘முழங்கால் எப்பிடி’ எண்டு கேட்டனான். நீங்கள் இன்னும் சொல்லேல்லை.

சுஜானி


அல்பெர்கேரியா, பலெர்மோ
20.02.2025

அன்பு மகள் சுஜானிக்கு,

ரொசாலியாவுக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. இப்போது சின்யோரா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அனுப்புவதற்கு முகவரி இல்லை.

நீ குறித்திருந்த பிறந்த நேரத்தைக் கொண்டு நட்சத்திரம் கணித்துவிட்டேன். எழுத்தையும் அறிவேன். கேட்ட நாளில் தராததைக் கேளாத நாளில் சொல்ல எனக்கு உரிமையில்லை. நீ கேட்டால் மட்டும் சொல்வேன்.

முழங்கால்: சின்யோரா வீட்டு மூன்று மாடியும் தினமும் ஏறுகிறேன். இரண்டாம் மாடியில் ஒருமுறை நிற்கவேண்டியிருக்கிறது.

உன் வீடு எத்தனையாவது மாடி?

அப்பா