சூப்புக்கு உப்புப் பார்த்த நாள்

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று முதியோர் இல்லத்தில் ஆறு பூசணிக்காய் வெட்டினேன். கையெல்லாம் உளைகிறது. வெங்காயத்தோடு வதக்கி, அப்பிள் சைடர் என்கிற பழச்சாறு ஊற்றிச் சூப் காய்ச்சினேன்.

கந்தசஷ்டி நாலாம் நாள். நீங்கள் என்னைக் கனடாவுக்குக் கூப்பிட வேண்டுமென்று ஐந்து வருடமாக லண்டனில் இந்த விரதம் பிடிக்கிறேன். விரத நாளில் என் சமையலுக்கு உப்புப் பார்ப்பது என்னோடு வேலை செய்யும் றோஸ்மலர் அக்காதான்.

அவருடைய தம்பி போன கிழமை உங்களை டொரொன்டோவில் கண்டாராம். உங்கள் தோளில் நித்திரையாய் இருந்த குழந்தைக்கு உங்கள் மூக்காம்.

இன்றும் அக்கா கரண்டியோடு வந்து, “தா பிள்ளை, நான் பாக்கிறன்” என்றார்.

“வேண்டாம் அக்கா, இனி நானே பாக்கிறன்” என்றேன்.

சைடர் கொஞ்சம் புளித்தது. உப்பு அளவாக இருந்தது. ஒரு கோப்பை நிறைய வார்த்துக் குடித்தேன்.

இப்படிக்கு,
பசியாறியவள்