பதினொரு கணினிகளில் என் பெயர்

மார்ச் 4, திங்கள்

காலையில் வந்து பார்த்தால் எல்லாருடைய கணினியிலும், எழுதிய நிரலைச் சர்வருக்கு ஏற்றும் கிட் மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறியிருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூடவே புது விதி: எல்லாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். நான் நல்ல பிள்ளையாக உடனே மாற்றினேன். மதியம் என் நிரலைச் சர்வருக்கு அனுப்பினால், வெளியே போகிற எல்லாவற்றையும் நடுவில் நின்று சோதிக்கும் ப்ராக்ஸி மறித்துவிட்டது. பிழை எண் 407. நீ யாரென்று தெரியாது, போ என்று அர்த்தம். ஏழு வருஷமாக இந்த வாசல் வழியாகத்தான் போய்வருகிறேன், என்னைத் தெரியாதாம்.

குழுவில் மற்ற பதினொரு பேருக்கும் இதே கதை.

வியாழனுக்குள் என் வேலையை ஏற்றினால்தான் வெள்ளிக்கிழமை லீவு என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வெள்ளி காலை எட்டு மணிக்கு அக்காவுக்கு ஆபரேஷன்.

மார்ச் 5, செவ்வாய்

ப்ராக்ஸியைப் பார்த்துக்கொள்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் வாட்ச்மேன். கீழ்த்தளத்தில் இருக்கிறார். கணினியில் டிக்கெட் என்று ஒரு புகார் பதியாமல் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். பதிந்தேன். உங்கள் கணக்கு பூட்டியிருந்தது, திறந்தாயிற்று என்று பதில் வந்தது. நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் மறுபடி பூட்டு. மறுபடி டிக்கெட். மறுபடி திறப்பு. ஆறு தடவை! செக்குமாடு மாதிரி.

மார்ச் 6, புதன்

பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். அமைப்புகளை அழித்து எழுதினேன். ஒன்றும் ஆகவில்லை. வாட்ச்மேனிடம் போனில் கத்திவிட்டேன். அந்த ஆள் திருப்பிக் கத்தவில்லை, அதுவேறு எரிச்சல்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "நீ வருவேல்ல?" அவ்வளவுதான் கேட்டாள். அம்மாவின் ஆபரேஷன் அன்று நான் மென்பொருள் ரிலீஸ் ரிலீஸ் என்று ஆபீஸிலேயே கிடந்தேன். அம்மா கண் விழிக்கவே இல்லை. அக்கா தனியாக நின்றாள். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 7, வியாழன்

டிக்கெட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று காலையிலேயே கீழே இறங்கிப் போனேன். வாட்ச்மேன் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மேடம், உங்க பேர்ல இன்னும் பதினொரு மிஷின் வந்து தட்டுது. எல்லாம் பழைய பாஸ்வேர்டு. மூணு தடவ தப்பானா கணக்கு தானா பூட்டிக்கும்."

பதினொன்று என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அய்யோ, ராசி ஃபைல்!

மூன்று வருஷத்துக்கு முன்னால் ப்ராக்ஸி படுத்தியபோது, என் அமைப்புகளை ஒரு ஃபைலில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தேன். என் பெயர், என் பாஸ்வேர்டு, எல்லாம் அதிலேயே. அதைப் போட்டால் உடனே வேலை செய்யும் என்பதால் ராசி ஃபைல். புதிதாகச் சேருபவருக்கு நாற்காலி வருவதற்கு முன்னால் அது வந்துவிடும். மூன்று வருஷமாகக் குழுவே என் பெயரில்தான் வெளியே போய்வந்திருக்கிறது. புதிய கிட் சில நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சர்வரை எட்டிப் பார்க்குமாம். ஒவ்வொரு எட்டலுக்கும் என் கதவு பூட்டியிருக்கிறது. நான்கு நாளாக ஊரைத் திட்டினேனே.

"அப்டேட் கோளாறுன்னு எழுதி டிக்கெட்ட மூடிடட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். நேற்று நான் கத்திய அதே ஆள்.

மூடலாம். ஆனால் பதினொரு பேரும் இன்றே அந்த ஃபைலை நீக்க வேண்டும். ஐந்து பேர் வீட்டிலிருந்து வேலை. காதும் காதும் வைத்தாற்போல் முடிகிற காரியமா? பாஸ்வேர்டைப் பகிர்ந்தால் வேலைக்கே ஆபத்து என்று வருஷா வருஷம் கையெழுத்து வேறு போடுகிறேன்.

மெயில் எழுதினேன். ராசி ஃபைல் என் தவறு, உடனே அழியுங்கள், அவரவர் கணக்கில் போங்கள். மேனேஜருக்கும் சேர்த்தே அனுப்பினேன்.

நாலு மணிக்கு என் நிரல் ஏறிவிட்டது. ஒன்பது வினாடி.

மேனேஜர் நாளைக்குப் பேசலாம் என்றார். நாளைக்கு நான் இருக்கமாட்டேன் என்றேன்.

மார்ச் 8, வெள்ளி

ஏழே முக்கால். அக்காவை உள்ளே கூட்டிப்போனார்கள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

ஒன்பது மணிக்கு மெயில். விசாரணை முடியும்வரை எனக்கு இரண்டு வாரம் ஆபீஸின் எந்தக் கணினியிலும் அனுமதி இல்லை, வேலைக்கு வரவேண்டாம். படித்தேன். பயமாகத்தான் இருந்தது. வராந்தாவை விட்டு நகரவில்லை.

பன்னிரண்டு ஐந்து. கண் விழித்தாள். கண்ணாடியை மாட்டிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, என்னடி என்று கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

"அப்ப ரெண்டு வாரம் எங்கூட இருப்ப" என்றாள், தூக்கக் கலக்கத்தோடு.