மிகவும் பிடித்த காட்சி

பிப்ரவரி 4, செவ்வாய்
மியூசிக் வீடியோவின் முதல் எடிட் முடிந்தது. பாட்டு என் வகுப்பு மதன்குமாருடையது. கேமராவும் எடிட்டிங்கும் நான். நடித்தது அம்மா, தோட்ட வேலைக்காரியாக. அதற்கு நடிக்கவே வேண்டாம். அன்னூரில் மதன் வீட்டுத் தோட்டத்தில்தான் பதினாறு வருடமாகக் களை எடுக்கிறாள். நாளை கல்லூரியில் போட்டுக் காட்டிக் கருத்துப் படிவம் வாங்க வேண்டும். பார்த்தவர்கள் சொன்னதை வைத்து என்ன மாற்றினோம் என்பதற்குத்தான் பாதி மதிப்பெண்.

பிப்ரவரி 5
நாற்பது படிவம். 'மிகவும் பிடித்த காட்சி எது?' முப்பத்தொரு பேர் ஒரே பதில். மதனின் அம்மா எல்லோருக்கும் டீ கொடுக்கும் காட்சியாம். 'கிராமத்து அன்பு.' 'டீ வாங்கும் அம்மாவின் சிரிப்பு வேற லெவல்.' ஒருத்தி இதயம் வேறு வரைந்திருக்கிறாள்.

மதன், அவன் மாமா, கூட வந்த பையன்கள் - எல்லார் கையிலும் எவர்சில்வர் டம்ளர். அம்மா கையில் மட்டும் பேப்பர் கப். நாற்பது பேரில் ஒருத்தருக்குக்கூடவா தெரியவில்லை?

படம் பிடித்த அன்று எனக்கும் டீ வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாங்க என்று கேமராவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டேன். எதில் வரும் என்று தெரியும்.

பிப்ரவரி 6
அன்புச்செல்வி மேடம் படிவங்களைப் புரட்டிவிட்டு, டீ காட்சியை இன்னும் பத்து நொடி நீட்டச் சொன்னார். பார்க்கிறவர்கள் கேட்பதைக் கொடுக்க வேண்டுமாம். கப் விஷயத்தைச் சொன்னேன். அதை யாரும் கவனிக்கலையே என்றார். அதுதானே என் வயிற்றெரிச்சல்! தலையாட்டிவிட்டு வந்தேன்.

மதனிடமும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா சுத்தத்துக்குத்தானுங்க அப்படிக் குடுத்தாங்க. புதுக் கப்புங்க அது."

என்ன மரியாதை! கூடப் படிக்கிற எனக்கு வார்த்தைக்கு வார்த்தை 'ங்க'. அவன் அம்மா வயதுள்ள என் அம்மாவுக்கு மட்டும் 'பூவாத்தா, இங்க வா'. த்தூ.

பிப்ரவரி 8
ஒன்றை இங்கேயாவது ஒத்துக்கொள்கிறேன். படம் பிடிக்கும்போதே அந்தக் கப்பைப் பார்த்தேன். நிறுத்தியிருக்கலாம். வாழைகளுக்கு நடுவே வெயில் அழகாக விழுந்தது, ஃபோகஸ் கச்சிதமாக இருந்தது. அதனால் நிறுத்தவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்?

பிப்ரவரி 9
ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 10
அம்மா தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவியதும் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். நாற்பது பேரிடம் கேட்டவள் இவளிடம் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. படிவத்தின் கேள்விகளை நானே படித்துக் காட்டினேன். பிடித்த காட்சி? வரப்பில் தனியாக நடந்து போவது. மாற்ற வேண்டியது? டீ காட்சியைக் காட்டினாள். கப்பை மறைத்துவிடவா, இல்லை மொத்தமாகத் தூக்கிவிடவா என்றேன்.

"கப்பு இருக்கட்டும் கண்ணு. அவங்க குடுத்தது அதுதான? அந்தச் சிரிப்பை எடுத்துரு."

அந்தச் சிரிப்பை நான் சொல்லித்தரவில்லை. கப்பை நீட்டியதும் தானாக வந்தது. பதினாறு வருடமாக இப்படித்தான் வருகிறதா அம்மா? பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

பிப்ரவரி 14, வெள்ளி
இரண்டாம் திரையிடல். மேடம் கேட்டபடியே டீ காட்சி பத்து நொடி கூடுதல். சிரிப்பு மட்டும் இல்லை. டம்ளர், டம்ளர், டம்ளர், டம்ளர், கப். பிறகு அம்மாவின் முகம், சும்மா.

யாரும் கைதட்டவில்லை. பிடித்த காட்சி என்ற இடம் பெரும்பாலும் காலி. 'தேவையில்லாமல் அரசியல்' என்று இரண்டு பேர். ஒரு படிவத்தில் பெயர் இல்லை, ஆனால் கையெழுத்து எனக்குத் தெரியும். பாட்டு வரிகளை அதே கையெழுத்தில்தான் எழுதித் தந்தான். 'பழைய சிரிப்பே நல்லா இருந்ததுங்க.'

பிப்ரவரி 17
அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். 'யாருடைய கருத்தால் மாற்றம் செய்தீர்கள்?' என்ற இடத்தில் பூவாத்தாள் என்று எழுதினேன். மேடம் படித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

சாயங்காலம் மதனின் அம்மா போன் செய்தார், நாளைக்குக் களையெடுக்க வரச் சொல்லி. அம்மா "வரலீங்க" என்றாள். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. மறுபடியும் அதையே சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.