கூடாரப் பண்டிகையும் எங்கள் தறப்பாளும்

ஒக்டோபர் 6, திங்கள்

விடியலிலிருந்தே மழை. கூரையாகக் கட்டிய பிளாஸ்டிக் தறப்பாளில் தேங்கிய தண்ணீரைத் தும்புத்தடியால் கூட்டித் தள்ளினேன். பாதி என் தலையில். மகள் ஜெனிக்கு இருமல் குறையவில்லை. மண்சரிவில் எங்கள் லயத்து வீடு போனதிலிருந்து இந்தத் தறப்பாள்தான் வீடு. புது வீடு வரும் என்று தோட்டத்துத் துரையும் சொல்கிறார், சங்கத் தலைவரும் சொல்கிறார்.

வாங்க: சீனி, மண்ணெண்ணெய், ஜெனிக்குப் பாணி மருந்து.

நேற்று பாஸ்டர் அறிவித்தார். இந்த வருஷம் நம் சபையிலும் யூதர்களின் கூடாரப் பண்டிகை. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கூடாரத்தில் இருந்ததை நினைக்க ஏழு நாள். கிறிஸ்துவும் நம்மிடையே கூடாரம் போட்டவர்தானாம். இந்த உடம்பே ஒரு கூடாரம், நிலையான வீடு மேலே. எல்லாரும் ஆமென். நானும்தான்.

8, புதன்

பதுளை டவுனுக்குப் போனேன். மருந்து கிடைத்தது. சபைக்கும் போனேன். வளவில் கூடாரம் எழும்பிவிட்டது. மூங்கில், வாழையிலை, கலர் பல்ப். இலை இடுக்கில் நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். ஆனால் மழைக்குப் பயந்து மேலே புதுத் தகரம். கீழே பலகை. எங்கள் வீட்டைவிட நல்ல வீடு. முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வயிறு எரிந்தது.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன், பண்டிகை முடிந்ததும் தகரத்தைத் தருவீர்களா என்று. பாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெதுவாகத்தான் பேசுவார்.

"ஞாயிறு சபைக்கு முன்னால நீங்கள் சாட்சி சொல்லுங்கோ, சகோதரி. கூடாரத்தில இருக்கிறது ஆசீர்வாதம் எண்டு உங்களைவிட ஆர் சொல்லுறது? தகரத்தைப் பிறகு பாப்பம்."

10, வெள்ளி

பறித்த தேயிலைக் கொழுந்து குறைவு. கங்காணியிடம் ஏச்சு. கால் முழுக்க அட்டைக்கடி.

வீட்டுக்காரரிடம் சாட்சி விஷயத்தைச் சொன்னேன். அவர் சபைக்கு வருவதில்லை, முருகனைக் கும்பிடுகிறவர். தடுப்பார் என்று நினைத்தேன். தடுத்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"சொல்லிட்டு வா. புள்ள இருமுறத கேக்க முடியல."

பின்னேரம் பைபிளில் லேவியராகமத்தைத் தேடி வாசித்தேன். நிலத்தின் விளைச்சலைச் சேர்த்து வைத்த பிறகு கொண்டாடச் சொல்லியிருக்கிறது. அதாவது ஊர் போய்ச் சேர்ந்து, வீடு வாசல் கிடைத்தவர்களுக்கான பண்டிகை. பட்ட கஷ்டத்தை அவர்கள் மறக்காமல் இருக்க. நாங்கள் இன்னும் வனாந்தரத்தில்தானே நிற்கிறோம், எதை நினைக்க? இதைப் பாஸ்டர் சொல்லவில்லை. கோபம். அவர் மேலா, கர்த்தர் மேலா, தெரியவில்லை.

12, ஞாயிறு

வெயில். சொல்லிவிட்டேன். தறப்பாளுக்குள் கர்த்தர் எங்களோடு இருக்கிறார், ஒரு குறையும் வைக்கவில்லை என்றேன். கைதட்டல். டவுனில் மாடிவீடு உள்ள அக்கா ஒருவர் அழுதே விட்டார். உங்களுக்கு வருஷம் பூராவும் பண்டிகைதான் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பொய் சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. என்னை எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு சாப்பாடு. கேக் நன்றாக இருந்தது. ஜெனிக்கு இரண்டு துண்டு.

14, செவ்வாய்

நேற்று கூடாரத்தைப் பிரித்தார்கள். பாஸ்டர் சொல் தவறவில்லை, தகரம் லொறியில் வந்தது. வீட்டுக்காரர் இருட்டுமுன் அடித்து முடித்தார்.

காலைவரை கொட்டித் தீர்த்த மழை. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஜெனி நன்றாகத் தூங்கினாள். ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். வாயில் ஒன்றும் வரவில்லை, எழுந்துவிட்டேன்.

வெளியே பக்கத்துத் தறப்பாள் செல்லம்மாக்கா நனைந்த பாயைப் பிழிந்துகொண்டிருந்தார். எங்கள் கூரையையே பார்த்தார். சாட்சி சொன்னதற்குத்தான் தகரம் என்று ஜெனி உளறியிருக்கிறாள்.

"என்னா சொன்னே புள்ள அங்க? எனக்கும் சொல்லிக் குடு. ஞாயித்துக்கெழம நானும் வந்து சொல்றேன்."

சொல்லிக் கொடுத்தேன்.