பதினேழாவது கனவுக்குப் பின் அவள் சொன்னது

மார்ச் 4

மருத்துவமனையின் பழைய கோப்புகளில் இன்று ஒன்பது பார்த்து முடித்தேன். உணவை மறுத்த நோயாளிகளை அக்காலத்தில் எப்படிப் புரிந்துகொண்டோம் என்று இளம் டாக்டரம்மா ஒரு வரலாறு எழுதுகிறார். அந்த வார்டில் கனவுகளைக் கேட்டு எழுதியவர்களில் மிச்சமிருப்பவன் நான்தானாம்; அதனால் உதவிக்கு அழைத்தார். அப்போது நர்சுகள் என்னைக் ‘கனவு குமாஸ்தா’ என்பார்கள்.

“இப்பல்லாம் முதல்ல எடை பார்ப்போம் சார். சாப்பாடு உள்ளே போகணும். கனவெல்லாம் அப்புறம்தான்” என்றார் டாக்டரம்மா. குத்திக்காட்டவில்லை. எனக்குத்தான் குத்தியது.

மார்ச் 7

பத்தாவது கோப்பு. பத்தொன்பது வயதுப் பெண். என் கையெழுத்து. மூடி வைத்துவிட்டேன்.

மார்ச் 8

திறந்தேன். பதினேழாவது கனவு: சமையலறை. அம்மா தட்டில் பரிமாறுகிறாள். மகள் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான்.

ஓரத்தில் சிவப்பு மையில், அன்று வார்டின் தலைவராயிருந்த பெரிய டாக்டரின் குறிப்பு: ‘கனவில் உணவு என்பது கருவுறுதல் பற்றிய அச்சம். தாய் என்பவள் மகளை விழுங்க வருபவள். தாயின் வருகையை நிறுத்தவும்.’

ஐந்து வாரத்தில் அந்தப் பெண் இறந்துபோனாள். கடைசிப் பத்து நாட்களுக்கு எடைக் கட்டம் காலி. காலையில் எடை பார்த்தால் கனவு மறந்துவிடுகிறது என்று நிறுத்தியிருந்தோம்.

மார்ச் 9

பெட்டியைக் குடைந்து என் வரைவு நோட்டை எடுத்தேன். கனவைச் சொல்லி முடித்ததும் அவள் பேசியது அதில் இருக்கிறது: “நல்லா இருந்துச்சு சார். அம்மாவை வரச் சொல்லுங்க. அவங்க கொடுத்தா சாப்பிடறேன்.”

கோப்பிலுள்ள பிரதியில் இது இல்லை. கனவுக்குள் நடந்ததை மட்டும் எழுது, விழித்தபின் பேசுவது நோயின் தந்திரம் - அது பெரிய டாக்டரின் விதி. விதி பிசகாமல் நடந்தேன்.

நேரில் சொல்லியிருக்கலாமே? அன்று அவர் அறைக் கதவுவரை போனேன். ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். திரும்பிவிட்டேன். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என்ன மனுஷன் நான்.

மார்ச் 15

கோப்பைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்டு, டாக்டரம்மா அந்தப் பெண்ணின் தங்கையைத் தேடிப் பிடித்துவிட்டார். அறுபதை நெருங்கியவர். இன்று கோப்பறைக்கு வந்தார். தாய் இருக்கிறாராம், எண்பத்தாறு வயது. உங்களால்தான் மகள் சாப்பிடவில்லை என்று பெரிய டாக்டர் சொன்னதை இன்னும் நம்புகிறாராம்.

“நிஜமாவே அம்மாதான் காரணமா சார்? நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே.”

தேதிகளைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். கோழை.

மார்ச் 16

நோட்டைக் கிழித்துப் போட்டால் யாருக்குத் தெரியும்?

மார்ச் 18

நோட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. நடுப்படியில் நின்று, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மூச்சு வாங்கத்தான் நிற்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

தாய் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதை வாசித்தேன். எழுதாமல் விட்டது நான்தான் என்றேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“ஒரு வரி சார். அதை எழுதறதுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?” என்றார் தங்கை.

தாய் திட்டவில்லை. இதைத்தான் கேட்டார்: “தட்டுல என்ன வச்சேனாம்?”

அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை.

மார்ச் 21

தங்கை தொலைபேசியில் அழைத்தார். கோபம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். கோப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் விட்டுப்போன வரியோடு, விட்டவர் பெயரோடு என்றார். சரி என்றேன்.

போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். “அன்னியிலேருந்து அம்மா, அக்காவுக்குப் பிடிச்ச சாப்பாட்டையெல்லாம் ஒவ்வொண்ணாச் சொல்லிட்டே இருக்காங்க. இத்தனை வருஷமா அக்கா பேரையே எடுத்ததில்ல” என்றார். பிறகு போனைத் தாயின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும். தூரத்தில் கிழவியின் குரல், நிறுத்தாமல். என்னிடம் பேசவில்லை. அவர்களாக வைக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.